மாங்குளத்தில் இடைவேளை

வவுனியாவில் ஆறு நாற்பதுக்கு பஸ் வெளிக்கிட
படமும் வெளிக்கிடும்.
ஓமந்தை தாண்டுமுன் நரைத்த தலையோடு ஒருவன்
தான் படித்த கல்லூரியின் கேற்றில் கை வைப்பான்.
துருப்பிடித்த கம்பி.
கண்ணை மூடித் திறக்க இருபது வருடம் பின்னால்,
அதே கம்பிக்குப் பச்சை வர்ணம்.

புளியங்குளத்தில் முதல் நாள் வகுப்பு,
பகிடிவதை, அதற்குள் ஒரு பாட்டு.
கனகராயன்குளத்தில் மழை.
யன்னலுக்கு வெளியே காண்டாவன வெயில்,
பெட்டிக்குள் அவளுக்கு ஒரு குடை,
அதில் பாதி அவனுக்கு.
பிறகு இரவிரவாக ஒரு கடிதம் எழுதுவான்.
நீலக் கடதாசி.

மாங்குளம் சந்தியில் நான் இறங்கிவிடுவேன்.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை.
எட்டு மாதமாய் அந்தக் கடிதத்தை
அவன் கொடுத்து நான் பார்த்ததில்லை.

என் சீற்றில் ஏறி இருக்கிறவர் இன்பரூபன்,
ஒட்டுசுட்டானில் நில அளவை.
படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பார்:
"எதுவரைக்கும் வந்திட்டுது?"
"கடிதம் இன்னும் பொக்கற்றுக்கைதான்."
"பிறகு என்ன நடக்குதெண்டால்..."
"சொல்லாதேங்கோ!"
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.
முன்பாதி என்னுடையது, பின்பாதி அவருடையது.

தை மாதம் கணக்காய்வு என்று
முல்லைத்தீவுக்கு அனுப்பினார்கள்.
இன்பரூபன் அன்று லீவு.
மாங்குளத்தில் நான் இறங்காமல் இருக்க,
சாரதி யோகச்சந்திரன் எழும்பி வந்து
பென்டிரைவைக் கழற்றி
இன்னொன்றைச் செருகினார்.
"அது இதுக்கு மேல ஓடாதக்கா.
இதுக்கு முன்பாதி பழுது.
ரெண்டையும் சேர்த்தா ஒரு படம் வரும்."
"ஆள் வேற எல்லோ?"
"தாடி வைச்சிருக்கிறான்தானே."

உண்மைதான். தாடி, கண்ணாடி, கொஞ்சம் உயரம் குறைவு.
அவளுக்கும் பெயர் மேகலை இல்லை, சுடர்விழி.
கலியாணத்தோடு மாற்றியிருப்பாள் என்று
பக்கத்துச் சீற்று அக்கா எனக்கு விளங்கப்படுத்தினா.
நீலக் கடிதம் வெள்ளையாய் வந்தது.
ஒரு நண்பனின் பெட்டிக்குள் பத்து வருடம் கிடந்தால்
வெளிறாமல் என்ன செய்யும்.
ரயில் நிலையம், அழைப்பிதழ், பழைய மாணவர் ஒன்றுகூடல்,
ஒரு கதிரை மட்டும் வெறுமை.
சட்டிக்கு மூடி போல எல்லாம் பொருந்தியது.

முகம் மாறி, பெயர் மாறி, காணி மாறி
வந்து நின்றவர்களை
ஓம் இன்னார்தான் என்று கையெழுத்து வைத்து
உள்ளே எடுத்த சனம் இது.
ஒரு நடிகன் மாறியதற்கா
படத்தை நிறுத்தச் சொல்லும்?

எனக்கும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது.
கணக்கியல் முதலாம் பாகம் கிளிநொச்சியில்,
ஐந்து மாதம்.
இரண்டாம் பாகம் மூன்று வருடம் கழித்து வவுனியாவில்,
வேறு முகங்களோடு.
சான்றிதழ் ஒன்றுதான். ஒட்டுத் தெரியாது.
கிளிநொச்சியில் என் அடிமட்டத்தை
இரவல் வாங்கிய ஒருவன்
வவுனியாப் பதிவேட்டில் இல்லை.
முன்பாதியில் இரவல் போன பொருள்
பின்பாதியில் திரும்பி வரவேண்டும்,
படமெடுக்கிற எவருக்கும் தெரிந்த சட்டம்.
மரத்தால் செய்தது. பன்னிரண்டு அங்குலம்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என் பெயர்.

அடுத்த நாள் மாங்குளத்தில்
படியில் ஒரு காலோடு இன்பரூபன்.
நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.
"ஒரு விசயம் கேக்கோணும்," என்றார்,
"என்ர பாதியில அந்தக் கடிதத்தை
ஒருதரும் வாசிக்கிறதில்லை.
அதுக்குள்ள என்னதான் எழுதினவன்?"

எழுதுகிற கையை மட்டுந்தான்
என் பாதியிலும் காட்டுவார்கள்.
நடத்துனர் விசில் ஊதிவிட்டான்.
"அடிமட்டத்தை நாளைக்குத் தாறன் எண்டு," என்றேன்.